பிலோமினா அக்காவும் இரண்டாவது சாட்சியும்

நம் காட்டுயிர்க் குழுவில் சேர்ந்ததும் உங்களுக்கு ஒரு பச்சை டி-சட்டை கொடுத்திருப்பார்கள். அளவு பொருந்தியிருக்காது. எனக்கும் பொருந்தவில்லை. செயலாளராக இருந்து ஓய்வு பெறும்வரை, அதை மாற்றித் தரச் சொல்லி எனக்கு நானே கோரிக்கை வைத்துக்கொண்டு, பிறகு பார்க்கலாம் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொலைநோக்கியை எப்படிப் பிடிப்பது, காலில் ஏறிய அட்டையை எப்படிக் கழற்றுவது, காலுறைக்குள் எதற்குப் பேன்ட்டைச் சொருகுவது, இதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. காட்டுயிர் பார்க்கும் வேலையில் கண்ணைத் திறந்து வைத்திருக்க யாருக்கும் வரும். எப்போது பார்வையை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்பதுதான் சிரமம். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு முழு வருடம் பிடித்தது. இடையில் குரங்குகளிடம் தோற்று, சேற்றில் புதைந்து, பெருவிரலையும் சுட்டுக்கொண்டேன்.

ஒரு நிபந்தனை. இதை நம் ஆண்டு மலரில் போடக் கூடாது. மலருக்குப் பிழை திருத்துபவர் பிலோமினா அக்கா. இது அவர் கண்ணில் படவே கூடாது. ஏன் என்பது படித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

முதலில் நம் விதியைப் பற்றி. ஒரு விலங்கைக் கண்டதாக நம் குழு பதிவு செய்ய வேண்டுமானால் இரண்டு பேர் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்தால், அவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும், பதிவில் ஏறாது. இந்த விதி வரக் காரணமாக இருந்தவன் நான்தான்.

பினாங்குத் தீவில், சுங்கை பினாங் ஆறு கடலோடு சேரும் இடத்தில் ஒருநாள் காலையில் நான் ஒரு முதலையைக் கண்டேன். முதுகின் மேடு பள்ளமெல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. உடனே பொம்பாவுக்கு போன் போட்டேன். தீயணைப்பு வண்டி வந்தது. படகு வந்தது. மீன் வாங்க வந்தவர்கள் மீனை மறந்துவிட்டுக் கரையில் வந்து நின்றார்கள். கயிறு போட்டு இழுத்ததும் முதலை மெல்ல விரிந்து கொடுத்தது. யாரோ சுருட்டிக் கட்டி ஆற்றில் தள்ளிவிட்ட பழைய கம்பளம். பொம்பா அதிகாரி மிகுந்த மரியாதையோடு, மலாயில், இதை மிருகக்காட்சிசாலைக்கு அனுப்ப வேண்டுமா அல்லது வீட்டு வரவேற்பறைக்கு எடுத்துப் போகிறீர்களா என்று என்னைக் கேட்டார்.

அப்போது குழுவின் தலைவராக இருந்தவர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன். அவர் கம்பளத்தை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

“ஒரு ஆளு பார்த்தா அது கதை, தம்பி. ரெண்டு ஆளு பார்த்தாத்தான் அது சாட்சி” என்றார்.

அன்றிலிருந்து அது விதி. சூடு கண்ட பூனையாக, குழுவில் அந்த விதியை என்னைவிடக் கறாராகப் பிடித்துக்கொண்டவர் எவரும் இல்லை. ஒரே ஒருவர்தான் எனக்குப் போட்டி. அவர்தான் பிலோமினா அக்கா.

அக்கா தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கும் சிம்பாங் அம்பாட்காரர். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் தவறிப்போன பிறகு குழுவில் சேர்ந்தார். தீவில் நடக்கும் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் கடல் பாலத்தைத் தாண்டித் தன் சின்னக் காரை ஓட்டிக்கொண்டு வருவார். பின்னிருக்கையில் ஒரு பெட்டி நிறைய, உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிப்பாப்பும் இரண்டு பிளாஸ்குகளும் இருக்கும். சிவப்பு பிளாஸ்கில் எல்லாருக்கும் பால் தேநீர். நீல பிளாஸ்க் எனக்கு மட்டும். எனக்கு இனிப்புநீர் வியாதி என்று தெரிந்த நாளிலிருந்து பாலும் இல்லாத, ஒரு துளி சர்க்கரைகூட இல்லாத தே ஓ கோசோங். சிவப்பு பிளாஸ்க் பக்கம் நான் கை நீட்டினால், அவர் எத்தனை தூரத்தில் நின்றாலும், தொண்டையைச் செருமுவார். கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டியும் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன். எப்போதும்போல அது தைப்பூசத்தோடு தொடங்கியது.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் நாமும் ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுவோம் என்று சொன்னது நான். மற்றப் பந்தல்களில் பாட்டு இருக்கும், நம் பந்தலில் விழிப்புணர்வு இருக்கும் என்று கூட்டத்தில் பேசிக் கைதட்டும் வாங்கினேன். ‘குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்’ என்று தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் பெரிய பலகை எழுதிக் கட்டினோம். மோர், சிரப், சுண்டல் எல்லாம் தயார். பக்தர்கள் வந்தார்கள், குடித்தார்கள், பலகையைப் படித்துத் தலையாட்டினார்கள். மதியம் கூட்டம் கொஞ்சம் தளர்ந்ததும் குரங்குகள் வந்தன. அவை பலகையைப் படிக்கவில்லை.

விவரமாகச் சொல்லி என்னை நானே அவமானப்படுத்திக்கொள்ள விரும்பவில்லை. சுண்டல் போனது. சிரப் பாட்டில் மூடியோடு போனது. என் கண்ணாடி மட்டும் போய்த் திரும்பி வந்தது, அதுவும் பிடிக்கவில்லை என்பதால்தான். கடைசியில் பெரிய ஆண் குரங்கு ஒன்று பலகையின் உச்சியில் ஏறி உட்கார்ந்து, ‘கொடுக்காதீர்’ என்ற சொல்லுக்கு மேலே காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நம் சுண்டலை ஒவ்வொன்றாகத் தின்றது. அந்தப் படம் பினாங்கு முழுக்க போன் போனாகச் சுற்றியது. பாயா பெசாரில் இருக்கும் என் சம்பந்திகூட அனுப்பினார், “உங்கள் பந்தல்தானே?” என்ற கேள்வியோடு.

கவிழ்ந்து கிடந்த நாற்காலிகளை நிமிர்த்திப் போட்டு நாங்கள் உட்கார்ந்திருந்தபோதுதான் அக்கா செய்தியைச் சொன்னார். மகன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வீடு வாங்கிவிட்டான். அம்மா தனியாக இருந்தது போதும், வருடக் கடைசியில் ஒரேயடியாக வந்துவிட வேண்டும் என்கிறான். அவரும் சரி என்று சொல்லிவிட்டார்.

நான் எழுந்து, சுண்டல் பாத்திரத்தைத் துடைக்கத் தொடங்கினேன். குரங்குகள் அதை ஏற்கெனவே துடைத்துவிட்டிருந்தன. 

“போறதுக்கு முன்னால ஒரே ஒரு ஆசைதான். மெமெராங் பார்க்கணும்” என்றார் அக்கா.

மெமெராங் என்றால் நீர்நாய். எங்களுக்கெல்லாம் வெட்கமாகிவிட்டது. குழுவில் நீர்நாயைப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான் என்பதை நாங்கள் கவனித்ததே இல்லை. கர்னி கடற்கரையில், ஜெலுத்தோங் கரையில், மழை பெய்தால் பெரிய சாக்கடைகளில்கூட நாங்கள் பார்த்திருக்கிறோம். அப்போதெல்லாம் அக்கா எங்களுக்குப் பின்னால் குனிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பார். அவர் நிமிர்வதற்குள் நீர்நாய் போயிருக்கும். அக்கா போகப் போகும் நாட்டில் நீர்நாயே கிடையாது. ஆகவே அந்த வருடத்து நடவடிக்கைகளுக்கு வெளியே சொன்ன நோக்கம் எதுவானாலும், உள்ளே இருந்த நோக்கம் ஒன்றுதான். அக்கா கண்ணில் ஒரு நீர்நாயைக் காட்டிவிட வேண்டும்.

அடுத்து பைராம் தோட்டம். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் எலிகளைப் பிடிப்பதற்காகக் கூகைகளுக்குக் கம்பத்தின்மேல் மரப்பெட்டிகள் வைத்திருப்பார்கள். குஞ்சு இருக்கிறதா என்று ஏணியில் ஏறிப் பார்த்துச் சொல்வது நம் வேலை. ஏணி என்றதும் ஆண்களுக்கெல்லாம் திடீரென்று முட்டிவலி வந்துவிட்டது. அக்கா ஒன்றும் பேசாமல் ஏறிப் பெட்டிக்குள் தலையை விட்டார்.

அப்போதுதான், எங்களுக்குப் பத்தடி தள்ளி, வாய்க்காலிலிருந்து ஒரு நீர்நாய்க் குடும்பம் கரையேறியது. தாய், தகப்பன், குட்டிகள். மண்பாதையில் புரண்டன, ஒன்றை ஒன்று கடித்து விளையாடின. அக்காவின் தலை பெட்டிக்குள் இருந்தது. “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று அவர் எண்ணுவது மட்டும் கேட்டது. நான் கத்துவதற்காக வாயைத் திறந்தேன். தலைவர் என் வாயைப் பொத்தினார். அழுத்திப் பொத்தினார். நீர்நாய்கள் சாவகாசமாக எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, மறுபக்கத்து வாய்க்காலில் இறங்கிப் போய்விட்டன.

எனக்கு வந்த கோபத்தில் அவர் கையைக் கடித்திருப்பேன். அவர் காதோடு சொன்னார்: “ஆளு ஏணியில நிக்கும்போது உண்மையைக் கத்தக் கூடாது, தம்பி. முதல்ல அவங்க இறங்கட்டும்.”

அவர் சொன்னது சரி. நான் கத்தியிருந்தால் அக்கா திடுக்கிட்டுத் திரும்பியிருப்பார், தாய்க் கூகை முகத்துக்கு நேரே பாய்ந்திருக்கும், நாங்கள் அவரை நிபோங் திபால் மருத்துவமனையில் போய்ப் பார்த்திருப்போம். அக்கா இறங்கி வந்து நாலு குஞ்சு என்றார். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. பரவாயில்லை, தேநீர் குடியுங்கள் என்று பிளாஸ்கைத் திறந்தார்.

வருடத்தின் நடுவில் எங்களுக்குக் கொஞ்சம் புத்தி தடுமாறியது. பட்டர்வொர்த்திலிருந்து வரும் நம் உறுப்பினர் ஒருவர், நல்ல மனிதர், வங்கியில் வேலை, ஒரு திட்டம் சொன்னார். அவர் வீட்டு நாய் பழுப்பு நிறம், நன்றாக நீந்தும். அரைகுறை வெளிச்சத்தில், சற்றுத் தள்ளி நீந்தவிட்டால் அக்காவுக்கு என்ன தெரியப் போகிறது? அது மோசடி என்று நான் கண்டித்தேன். பிறகு, எந்தக் கரையில் விடலாம் என்றும் நானே யோசனை சொன்னேன்.

நாய் அருமையாக நீந்தியது. நாங்கள் எல்லாரும் ஒரே குரலில், ஒத்திகை பார்த்தபடி, ஆச்சரியப்பட்டோம். அக்கா தொலைநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். நிதானமாகப் பார்த்தார். தொழிற்சாலையில் எத்தனையோ லட்சம் உதிரிப் பாகங்களை இப்படிப் பார்த்த கண்.

“வாலு சுருண்டிருக்கு. கழுத்துல பட்டை இருக்கு. ரிஜெக்ட்” என்றார்.

நாய் கரையேறி நேராக அதன் எஜமானரிடம் ஓடிவந்து, அவர்மேலும் என்மேலும் தண்ணீரைச் சிலுப்பியது. அக்கா அதற்கு ஒரு கறிப்பாப் கொடுத்தார். எங்களுக்குக் கொடுக்கவில்லை.

வலசைப் பறவைகள் வரும் காலத்தில் தெலுக் ஆயர் தாவார் சேற்றுக் கரைக்குப் போனோம். அங்கே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேற்றில் இறங்காதீர்கள் என்று மற்றவர்களுக்குச் செய்து காட்டப் போய் நானே முழங்கால் வரை இறங்கிவிட்டேன். அக்கா கயிற்றை வீசி, தன் சின்னக் காரில் கட்டி, என்னை இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு நீர்நாய்கள் நின்று வேடிக்கை பார்த்தன. என்னால் கை நீட்டிக் காட்ட முடியவில்லை, இரண்டு கையும் கயிற்றில் இருந்தது; கத்தியதும் கார் சத்தத்தில் அமுங்கிவிட்டது. ஒரு செருப்பு இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இதில் ஒரு விஷயத்தை நான் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. ஒவ்வொரு முறை தவறிப்போகும்போதும் எங்களுக்குத்தான் முகம் தொங்கியது. அக்கா முகம் தொங்கவில்லை. சேற்றிலிருந்து என்னைப் பிடுங்கிய அன்று திரும்பி வரும் வழியெல்லாம் பாடிக்கொண்டே ஓட்டினார். பயணப் பெட்டி வாங்கிவிட்டீர்களா என்று யாராவது கேட்டால், மலிவு விற்பனை வரட்டும் என்றார். மலிவு விற்பனை வந்தது, போனது, மறுபடியும் வந்தது. ஏமாற்றத்தை எவ்வளவு அழகாகத் தாங்கிக்கொள்கிறார் என்று நான் அவரைக் கூட்டத்தில் பாராட்டிப் பேசினேன். இவ்வளவு வருடம் பறவைகளின் நடத்தையை உற்றுப் பார்த்தவன் பேசிய பேச்சு அது.

டிசம்பர் வந்தது. கடைசி நடவடிக்கை. விமானச் சீட்டைக்கூட மகன் எடுத்து அனுப்பிவிட்டான். ஜெலுத்தோங் கரையில், மழை விட்ட ஒரு காலை. இந்த முறை தவறக் கூடாது என்று நான் ஒரு போர்த் திட்டமே போட்டேன். அக்கா பிளாஸ்கைத் தொடக் கூடாது. கறிப்பாப் பெட்டியைத் தொடக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தண்ணீருக்கு நேரே போட்டு அவரை அதில் உட்கார வைத்தோம். மற்றவர்கள் பின்னால் சுவர் ஓரமாக, வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். தேநீர் ஊற்றுவது நான். வழியனுப்பு விழாவுக்குக் கேக்கும் வந்திருந்தது, மேலே நீர்நாய் உருவம் போடச் சொல்லியிருந்தோம். கேக் கடைக்காரர் போட்டிருந்தது நாய். வால்கூடச் சுருண்டிருந்தது.

நாற்காலியில் சும்மா உட்கார அக்காவுக்குத் தெரியவில்லை. கைகளை மடியில் வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். தலைவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நான் மேசையருகே ஒரு குவளையைப் பிடித்து ஊற்றத் தொடங்கினேன். பின்னால் யாரோ கேக் பெட்டியைத் தட்டிவிட, அத்தனை பேரும் கேக்கைப் பிடிக்கப் பாய்ந்தார்கள்.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார். சத்தமே இல்லாமல் எழுந்தார்.

குவளை நிரம்பி வழிந்து என் பெருவிரலைச் சுட்டது. நான் தலையை நிமிர்த்தினேன். கட்டிக் கிடந்த படகுக்கும் பாறைகளுக்கும் நடுவில், நான்கைந்து தலைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் வந்தது வாயில் ஒரு மீனைக் குறுக்காகக் கவ்வியிருந்தது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு படகுக்குப் பின்னால் மறைந்துவிட்டன.

அக்கா திரும்பினார். அந்த முகத்தை நான் பார்த்தேன். ஒரு குழந்தையின் சந்தோஷம் அதில் இருந்தது. அது அப்படியே நிற்கும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, வேலையின் கடைசி நாளன்று மேசையைக் காலி செய்துவிட்டு நிற்பவர்களின் முகமாக மாறியது. பார்த்தாகிவிட்டது. இனி போக வேண்டும். போகாமலிருக்க மகனிடம் சொல்வதற்கு வேறு காரணம் ஒன்றும் மிச்சம் இல்லை.

அந்த வருடம் முழுவதும் நான் எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“தம்பி, நீ பார்த்தியா?” என்று கேட்டார்.

கேக்கைக் காப்பாற்றிக்கொண்டு எல்லாரும் திரும்பினார்கள். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டாவது சாட்சி கிடைத்துவிடும், பதிவு ஏறிவிடும், கைதட்டல், கேக், விமான நிலையம். ஒரு வருட உழைப்புக்கு அந்த ஒரு வார்த்தைதான் பாக்கி. தலைவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். எனக்குப் பைராம் தோட்டத்து ஏணி ஞாபகம் வந்தது. அக்கா இன்னும் ஏணியில்தான் நின்றுகொண்டிருந்தார்.

“இல்லக்கா. டீ ஊத்திக்கிட்டிருந்தேன்.”

அக்கா மற்றவர்களைப் பார்த்தார். கேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்றார்கள். அது உண்மையும்கூட. தலைவர், தான் தூங்கிவிட்டதாகச் சொன்னார். நீதிமன்றத்தில் வாழ்நாளைக் கழித்தவர் அவ்வளவு தெளிவாகத் தூங்கியதை நான் கண்டதில்லை.

“அப்ப ரெக்கார்ட்ல ஏறாது” என்றார் அக்கா.

“ஏறாதுக்கா.”

“ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்லா” என்றார். நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார். அங்கேயே போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். இங்கே ஒரு வேலை பாதியில் நிற்கிறது, இரண்டாவது ஆள் உறுதி செய்யாமல் எதையும் முடிந்ததாகச் சொல்ல முடியாது, நீ இன்ஜினியர்தானே, உனக்குத் தெரியாதா என்றார். மகன் என்ன சொன்னான் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. அந்த விமானம் அக்கா இல்லாமலே போனது.

இப்போதும் அவர் வருடத்துக்கு ஒருமுறை பெர்த்துக்குப் போய், பேரப்பிள்ளைகளோடு ஒரு மாதம் இருந்துவிட்டு, வேலை கிடக்கிறது என்று திரும்பி வந்துவிடுகிறார். மகனும் பழகிக்கொண்டான். பிலோமினா அக்காவின் நீர்நாய் இன்றுவரை பதிவில் இல்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். நீங்கள் இளைஞர்கள், கண் கூர்மை அதிகம், அதனால்தான் எனக்குப் பயம். இந்த வருடமும் ஏதாவது ஒரு கரையில், ஏதாவது ஒரு வாய்க்கால் ஓரத்தில், அக்கா எழுந்து நின்று “அங்க பாரு” என்பார். அப்போது உங்கள் காலணிக் கயிறு அவிழ்ந்திருக்க வேண்டும். கண்ணில் தூசி விழுந்திருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை என்றால் கறிப்பாப் பெட்டியைத் தட்டிவிடுங்கள், ஆனால் காலியானதாகப் பார்த்துத் தட்டுங்கள். மற்ற எல்லா உயிர்களுக்கும் நம் விதி அப்படியே இருக்கட்டும்.

அக்காவுக்கு இது தெரியுமா என்று கேட்பீர்கள். அன்று போனை வைத்ததும் அவர் என்னிடம் வந்தார். சிவந்து போயிருந்த என் பெருவிரலைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பிளாஸ்கை வாங்கி வைத்துவிட்டு, தானே ஒரு குவளை ஊற்றி என்னிடம் நீட்டினார். ஒரு வாய் குடித்தேன். பால், சர்க்கரை, எல்லாம் இருந்தது. சிவப்பு பிளாஸ்க்.

அவர் தொண்டையைச் செருமவில்லை.